நாய்கள் மட்டும் திரும்பி வந்தபோது

தேம்பாவணியின் தலைவனாகிய சூசையின் பெயர்க்காரணம் சொல்லப் புகுந்து, அதே பெயர் தாங்கிய பழைய ஏற்பாட்டு யோசேப்பின் கதைக்குள் ஒருநாள் வகுப்பில் நாம் போய்விட்டோம். உடன்பிறந்தார் சேர்ந்து தம்பியை விற்றதையும், அவன் அங்கியை ஆட்டுக்கடா இரத்தத்தில் தோய்த்துத் தந்தையிடம் காட்டியதையும், இறந்தான் என்று அழப்பட்டவன் உயிரோடு கிடைத்ததையும் சொல்லி முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் படிப்பவர். வகுப்பில் அதிகம் பேசாதவர்.

"ஐயா, எங்க மலைக் கதையிலயும் செத்துட்டாங்கன்னு நெனச்சவங்க திரும்பி வர்றாங்க. ஆனா கதவத் தொறக்க மாட்டாங்க."

அன்று மணி அடித்துவிட்டது. அந்த இரண்டு வாக்கியங்கள் மட்டும் நம்மை விடவில்லை. இக்கட்டுரை அவருக்கு நாம் சொல்லக் கடன்பட்ட விடை என்று கொள்ளலாம்.

*

ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. வெளியூர் வாசகர்கள் இதனைக் காவலூர் வானாய்வகத்தின் பெயராலோ ஜமுனாமரத்தூர்ச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளாலோ அறிந்திருக்கலாம். சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் இம்மலையின் செல்வங்கள். இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்பதே பொருள். பேசுவது தமிழ். கல்வராயன், கொல்லி, பச்சை, சேர்வராயன் மலைகளிலும் இப்பெயரோடு வாழும் மக்கள் உண்டு.

அவர்களுடைய தோற்றக் கதையை ஆங்கில அரசு அலுவலர்கள் எழுத்தில் பதிந்தனர். காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு 1881இல் வெளிவந்தது. தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் சேர்ந்து 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் பெருந்தொகுப்பிலும் மலையாளிகளைப் பற்றிய பகுதியில் இக்கதை உள்ளது. மக்கள் காத்து வந்த சிறு ஓலைச்சுவடி ஒன்றில் இது இருந்ததாகக் குறிப்பு. சுருக்கம் வருமாறு.

சக ஆண்டு 1055இல், அதாவது கி.பி. 1132-33 அளவில், கங்குந்தியைச் சேர்ந்த வேடர் சிலர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் ஏளனம் செய்து மறுத்தனர். சினங்கொண்ட வேடர் வேளாளக் கன்னியர் எழுவரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க வேளாளர் எழுவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். போகும்போது மனைவியரிடம் ஒரு சொல் சொல்லிச் சென்றனர்: நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று கொண்டு ஈமக்கடன்களைச் செய்துவிடுங்கள். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் அரும்பாடுபட்டு அக்கரை சேர்ந்தனர். பாதி ஆறு நீந்திய நாய்கள் மனம் மாறித் திரும்பிக் காஞ்சிக்கு ஓடிவிட்டன. எழுவரும் கங்குந்தி சென்று, பெண்களைக் கவர்ந்தவர்களைக் கொன்று ஊர் திரும்பினர். வந்து பார்த்தால் ஈமக்கடன் முடிந்துவிட்டது, மனைவியர் கைம்பெண்கள், இவர்கள் சாதிக்குப் புறம்பானவர்கள். வேறு வழியின்றி வேடர் குலப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலை ஏறி, உழவு செய்து வாழ்ந்தனர்.

சேலம் பக்கத்து மலைகளில் எழுவருக்குப் பதில் மூன்று உடன்பிறந்தார் வருவர். காஞ்சியும் பிரிவும் மலையேற்றமும் அங்கும் உண்டு.

*

இது நடந்த வரலாறா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல நம்மிடம் கல்வெட்டு இல்லை. விக்கிரம சோழன் ஆட்சியின் இறுதிக் காலத்தில் காஞ்சியில் ஏழு வீடுகளில் என்ன நடந்தது என்பதை எந்தக் கோயில் சுவரும் சொல்லவில்லை. தாம் கீழ்நாட்டு உயர்குடியிலிருந்து வந்தோம் என்று மலைமக்கள் சொல்லிக்கொள்வதும், அதைக் கேட்ட வெள்ளை அலுவலர் ஆர்வத்தோடு எழுதிக்கொள்வதும் அக்காலத்தில் வழக்கமானவையே. அத்தகைய கதையை மரபணுச் சான்றாகக் கொள்ளுதல் பிழை. ஆயினும் ஒரு மக்கள்கூட்டம் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லத் தேர்ந்துகொண்ட கதை வேறொரு வகையில் வரலாறே. தம் மூதாதையரைத் தேவர்களாகவோ அரசர்களாகவோ சொல்லிக்கொள்ளாமல், வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டவர்களாக இவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். இந்த நினைவு எங்கிருந்து வந்தது என்பதைவிட, ஏன் கைவிடப்படாமல் காக்கப்பட்டது என்பதே நம் கேள்வி.

கதையில் வரும் நாயும் இந்நிலத்துக்கு உரியதே. மலையடிவாரத்துச் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. அவ்வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனுடன் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்து நின்று காத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. தலைவனை விட்டு நீங்காத நாய்க்குக் கல் நட்ட நிலத்தில்தான், பாதி ஆற்றில் திரும்பிவிட்ட நாய்களால் ஒரு குலமே இடம்பெயர்ந்த கதையும் வழங்குகிறது. இதைக் கேட்டுவந்தவர்களுக்கு அந்த முரண் நன்றாகவே உறைத்திருக்கும்.

*

இனி யாக்கோபின் வீட்டுக்கு வருவோம்.

ஆதியாகமத்தை முதல்முறை படிப்பவர்கள் திகைப்பது, இவர்களையா குலமுதல்வர்கள் என்கிறார்கள் என்றுதான். யாக்கோபு பசித்து வந்த அண்ணனிடம் கூழுக்கு மூத்தமகன் உரிமையை வாங்குகிறான். கண் மங்கிய தந்தை ஈசாக்கின் முன் ஆட்டுக்குட்டித் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, நான்தான் ஏசா என்கிறான். சொல்லிக்கொடுத்தவள் பெற்ற தாய் ரெபேக்காள். பின் மாமன் லாபான் வீட்டுக்கு ஓடி, அங்கே தானும் ஏமாற்றப்பட்டு, 20 ஆண்டு உழைக்கிறான். மனைவியர் இருவர் உடன்பிறந்தார், அவர்களுடைய பணிப்பெண்கள் இருவர், மகன்கள் பன்னிருவர், மகள் ஒருத்தி. இந்த வீட்டில் சண்டை இல்லாத நாள் இருந்திருக்காது.

அந்த ஒரே மகள் தீனாள். சீகேம் என்னும் இளவரசன் அவளைக் கொண்டுபோய்க் கெடுத்துவிட்டு, பிறகு மணம் செய்து தரும்படி கேட்கிறான். அண்ணன்மார் விருத்தசேதனம் செய்துகொண்டால் தருவோம் என்று வஞ்சகமாக உடன்பட்டு, ஊர் ஆடவர் நோவில் கிடந்த மூன்றாம் நாள் சிமியோனும் லேவியும் வாளோடு புகுந்து அனைவரையும் கொல்கின்றனர். அதோடு நிற்கவில்லை, அவ்வூர்ப் பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடித்து வருகின்றனர். தங்கையைக் கவர்ந்ததற்குப் பழிவாங்கப் போனவர்கள், பிறருடைய தங்கையரைக் கவர்ந்து திரும்பினர்.

காஞ்சிக் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண் கேட்டல், கவர்தல், கொலை என்னும் கூறுகள் ஒன்றே. இரண்டிலும் மற்றொன்றும் பொதுவாக இருக்கிறது. தீனாள் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. மீட்கப்படப் புறப்பட்ட அந்த ஏழு கன்னியர் என்ன ஆனார்கள் என்பதைக் காஞ்சிக் கதையும் சொல்லவில்லை. யாருக்காக ஆற்றைக் கடந்தார்களோ அவர்களைக் கதையே மறந்துவிடுகிறது. குடும்ப மானம் என்று பேசப்படும் இடங்களிலெல்லாம் மானத்துக்கு உரியவளின் குரல் காணாமல் போவது நாம் இன்றைய செய்தித்தாளிலும் காண்பதே.

*

அடுத்தது யோசேப்பின் கதை. 17 வயதில் அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்ற அண்ணன்மார், இரத்தம் தோய்ந்த அங்கியை அப்பாவிடம் நீட்டினர். ஒரு காலத்தில் ஆட்டுத்தோலால் தந்தையை ஏமாற்றிய யாக்கோபு, இப்போது ஆட்டு இரத்தத்தால் மக்களிடம் ஏமாந்தான். காஞ்சியில் நாய்கள் செய்த வேலையை இங்கே அங்கி செய்தது. உடல் இல்லை, அடையாளம் மட்டும் வந்தது. அதைக் கொண்டு மரணம் உறுதியாயிற்று.

ஏறத்தாழ 22 ஆண்டுகள் கழித்து, அவன் உயிரோடிருக்கிறான் என்ற செய்தி வந்தபோது கிழவன் முதலில் நம்பவில்லை, நெஞ்சு உறைந்துபோனான். பிறகு மகன் அனுப்பிய வண்டிகளைக் கண்டான். அவன் உயிர்த்தெழுந்தது போல் இருந்தது. இத்தனை நாள் துக்கம் காத்தோமே, சடங்கு என்னாவது, ஊர் என்ன சொல்லும் என்று ஒரு கேள்வியும் இல்லை. சாகுமுன் பார்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டுவிட்டான்.

இரண்டு கதைகளும் பிரிவது இந்த இடத்தில்தான். காஞ்சியில் சடங்கு உண்மையை வென்றது. உயிரோடு ஒருவன் வாசலில் நிற்கிறான். அவன் இறந்தான் என்னும் தீர்ப்பு மாறவில்லை.

இச்சிக்கல் காஞ்சிக்கு மட்டும் உரியதன்று. அயலூரில் இறந்ததாகப் பொய்ச்செய்தி வந்து, பிறகு உயிரோடு திரும்பியவர்கள் வாசல் வழியே நுழையாமல் கூரை வழியே இறங்கினர் என்று உரோமர் வழக்கத்தைப் புளூட்டார்க் எழுதுகிறார். கிரேக்கத்தில் அத்தகையோரைப் பிறந்த குழந்தையைப் போலக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, பாலூட்டி, மறுபடி ஊருக்குள் சேர்த்தனராம். நம் தருமசாத்திரத் தொகுப்புகளிலும் இதற்கு ஒரு வழி உண்டு: நெய்யில் நீராட்டி, பிறப்புச் சடங்கு முதல் எல்லாவற்றையும் மீண்டும் செய்து, தன் மனைவியையே மறுபடி மணந்துகொள்ளலாம். கதவைத் திறக்க நூலில் இடம் இருந்தது. கதையில் வரும் ஊருக்கு மனம் இல்லை.

ஆனால் அந்த மனைவியரை நாம் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நாய் தனியே வந்தால் ஈமக்கடன் செய் என்றது யார்? அந்த ஆடவர்களேதாம். தாம் இட்ட விதி தம்மையே வெளியே தள்ளும் என்று அவர்கள் எண்ணவில்லை. கணவன் உயிரோடிருக்கவே கைம்மை நோற்ற அந்த எழுவரின் துயரைக் கதை அரை வாக்கியத்தில் கடந்துபோகிறது. யாக்கோபின் வீட்டிலும் வஞ்சகத்தைக் கற்றுக்கொடுத்தவன் யாக்கோபே. குடும்பச் சண்டைகளில் பெரும்பாலும் நாம் மாட்டிக்கொள்வது நாமே முடைந்த வலையில்தான்.

*

கிருபை என்னும் சொல்லைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சீர்திருத்தச் சபையார் கிருபை என்பதைக் கத்தோலிக்கர் முன்பு இஷ்டப்பிரசாதம் என்றனர். இப்போது அருள் என்கின்றனர். அருள் என்பது அன்பு ஈன்ற குழந்தை என்று வள்ளுவர் உறவுமுறை சொல்லிவைத்ததால், தமிழ் மாணவருக்கு அச்சொல்லில் ஒரு வீட்டு மணம் உண்டு. உறவினர்மேல் செல்வது அன்பு. உறவல்லார்மேலும் செல்வது அருள். விவிலியத்தின் கிருபையில் இன்னொரு சாயலும் உண்டு. பெறுபவனிடம் தகுதி இல்லாதபோது கிடைப்பது அது.

இக்கதைகளைத் தமிழில் தந்தவர்களுள் ஒருவரான பெப்ரிசியஸ் 1742இல் சென்னைக்கு வந்தார். பல்லாண்டு உழைத்து விவிலியத்தை மொழிபெயர்த்தார். தமிழ் அகராதியும் செய்தார். பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்து, முதுமையில் கடனாளியாகச் சிறை சென்றார், 1791இல் இறந்தார். அவர் மொழிபெயர்ப்பைப் பின்வந்தோர் தூக்கி எறியவில்லை, அதன்மேல்தான் கட்டினர். குறையுடைய மாந்தரின் கதையைச் சொல்லக் குறையுடைய ஒருவரின் தமிழே வாய்த்தது.

அரைகுறைக் கிருபை என்ன செய்யும் என்பதற்கும் விவிலியத்தில் சான்று உண்டு. தாவீதின் மகன் அப்சலோம் தன் தங்கைக்குத் தீங்கிழைத்த அம்னோனைக் கொன்றுவிட்டு மூன்று ஆண்டு அயல்நாட்டில் ஒளிந்திருந்தான். தாவீது அவனை எருசலேமுக்கு வரச்சொன்னான். ஆனால் தன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றான். இரண்டு ஆண்டு ஒரே நகரில் தந்தை முகம் காணாமல் இருந்தான் மகன். பாதி திறந்த அந்தக் கதவின் இடுக்கில்தான் பின்னர் வந்த கலகம் முளைத்தது. மகன் போரில் மடிந்தபின் தாவீது அழுத அழுகை காலம் கடந்தது.

முழுக் கிருபையை நாம் காண்பது யாப்போக்கு ஆற்றங்கரையில். 400 பேரோடு ஏசா வருகிறான் என்று கேட்டு யாக்கோபு நடுங்குகிறான். மனைவி மக்களை ஆறு கடத்திவிட்டு இரவெல்லாம் தனியே ஒருவரோடு போராடுகிறான், ஆசி பெறுகிறான், தொடைச்சந்து சுளுக்கி, விடியலில் நொண்டிக்கொண்டு போகிறான். எதிரே வந்த ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு, கழுத்தில் விழுந்து, முத்தமிட்டு அழுகிறான். உரிமையைப் பறிகொடுத்தவன் அவன். கணக்குக் கேட்க வேண்டியவனும் அவன். ஓடிவந்தவனும் அவனே. உன் முகத்தைக் காண்பது தெய்வத்தின் முகத்தைக் காண்பதுபோல் இருக்கிறது என்னும் கருத்துப்பட யாக்கோபு சொல்வது முகமன் அன்று. அதன்பின்னும் அவன் நொண்டிதான். கிருபை காலைச் சரிசெய்யவில்லை. நடந்துபோக ஓர் ஊரைத் தந்தது.

*

அப்படியானால் ஜவ்வாது மலைக் கதையில் கிருபையே இல்லையா?

நெடுநாள் நாமும் அவ்வாறுதான் எண்ணினோம். திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் கடைசி வாக்கியம் கண்ணில் பட்டது. வேடர் குலப் பெண்களை மணந்தனர் என்று கதை போகிறபோக்கில் சொல்கிறது. இவர்கள் வாளோடு போய்க் கொன்றது வேடரை. ஊரும் உறவும் தள்ளிய இவர்களை ஏற்றுக் குடும்பம் தந்தவர்களும் வேடர் பெண்களே. எந்தக் குலம் பெண் கேட்டபோது ஏளனம் செய்யப்பட்டதோ, அந்தக் குலத்துப் பெண்கள் இவர்களுக்கு வாழ்வு கொடுத்தனர். விரும்பி வந்தார்களா, வேறு வழியின்றி வந்தார்களா என்பதைக் கதை சொல்லவில்லை. சீகேமின் சிறைப்பெண்களை நினைத்தால் நமக்கு அச்சமாகவும் இருக்கிறது. ஆயினும் மலையில் எரிந்த முதல் அடுப்பு அவர்கள் மூட்டியது. இக்கதையின் ஏசா அந்தப் பெயரில்லாத வேடர் பெண்தான்.

யோசேப்பும் எகிப்துக் குருவின் மகள் ஆஸ்நாத்தை மணந்தான். அவள் பெற்ற மனாசே, எப்பிராயீம் இருவரையும் சாகும் தறுவாயில் யாக்கோபு தன் சொந்த மக்களாகவே எடுத்துக்கொண்டான். அயலாள் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரு கோத்திரங்கள் ஆயினர். காஞ்சியிலிருந்து அப்படி ஒரு கிழவன் மலையேறி வந்து பேரப்பிள்ளைகள் தலையில் கைவைத்ததாகக் கதை இல்லை. அதனால்தான் மலை தனக்கென ஒரு குலமாயிற்று.

*

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று சொல்லப்பட்ட 20 தமிழர் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தனர். அவர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. கூலி கிடைக்கும் என்று ஆற்றைக் கடந்து போனவர்கள் பிணமாக வந்தனர். வேறு பலர் சிறைக்குப் போயினர். செய்தி இல்லாமல் ஆண்டுக்கணக்காய் இருந்தவர்களும் உண்டு. பழைய கதையை மலைமக்கள் ஏன் மறக்கவில்லை என்பதற்கு ஓலைச்சுவடியில் விடை தேட வேண்டியதில்லை.

நம் மாணவர் பின்னொரு நாள் சொன்னார். அவருடைய சித்தப்பாவும் அவ்வாறு போனவர். நான்கு ஆண்டு தகவல் இல்லை. இறந்திருப்பார் என்றே ஊரில் பேசினர். சித்தி தாய்வீடு போய்விட்டாள். ஒரு மாலையில் அவர் திரும்பி வந்து, உள்ளே வராமல் வாசல் திண்ணையில் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டாராம். எதற்குப் போனாய், என்ன கொண்டு வந்தாய், உன்னால் எவ்வளவு கடன் தெரியுமா என்று கேட்க ஆயிரம் இருந்தது. அண்ணன்மாருக்குக் கோபம் தீரவில்லை, இன்றும் தீரவில்லை.

"பாட்டி ஒண்ணுமே கேக்கல ஐயா. சாமச் சோறு ஆக்கி, உள்ள வந்து சாப்புடுன்னுச்சு."

நாம் விவிலியமும் தர்ஸ்டனும் புரட்டித் தேடிய விடை அவர் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கிறது. சித்தி திரும்பி வந்தாரா என்று கேட்டோம். இன்னும் இல்லை என்றார். அதையும் இங்கே எழுதிவைப்பதே முறை.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு கீழிறங்கி, காஞ்சிபுரத்துக்கு அப்பால் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. மழை பெய்த ஆண்டுகளில் மலைத்தண்ணீர் அங்கே போய்ச் சேர்கிறது. அடுத்த விடுமுறையில் அம்மாணவரையும் அழைத்துக்கொண்டு அந்தக் கூடலைப் போய்ப் பார்த்துவர எண்ணியிருக்கிறோம்.